ஓடுகிற கடையை வாங்கக் காசுக்கு எங்கே போவது? கேள்வி பதில்

வங்கியொன்றின் கடன் பிரிவில் 26 வருடம் இருந்து இளைப்பாறியவன் நான். அதில் பாதிக்கு மேல் மட்டக்களப்பிலும் கல்முனையிலும்தான். நடந்துகொண்டிருக்கும் தொழிலை விலைக்கு வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கல்லடி: வாடகைக் கட்டடத்தில் 15 வருடமாக நடக்கும் பேக்கரியை முதலாளி 60 இலட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். என் கையில் இருப்பது 10 இலட்சம். வங்கி காணி உறுதி கேட்கிறது. வேறு வழி இல்லையா ஐயா?

இருக்கிறது தம்பி. முதலில் அந்த 60ஐ உடைத்துப் பாருங்கள். போறணை, மா பிசையும் மெஷின், தட்டுமுட்டுச் சாமான் ஒரு 22 இலட்சம், டெலிவரி வான் 15, இருப்பில் உள்ள மா, சீனி 3 என்று வைத்துக்கொண்டால் மீதி 20 இலட்சம் எதற்கு? கடையின் பெயருக்கு, அதாவது இத்தனை வருடத்தில் அது சம்பாதித்த நற்பெயருக்கும் வாடிக்கைக்கும். வானுக்கு லீசிங் கிடைக்கும், அந்த வானே அதற்குப் பிணை. மெஷினுக்கு இரண்டு பிணையாளர்களோடு ஓரளவு கடன் எடுக்கலாம், ஆனால் பழைய மெஷினை வங்கி குறைத்துத்தான் மதிக்கும். பெயருக்கு எந்த வங்கியும் காசு தராது. நானும் தந்ததில்லை.

ஆகவே அந்த 20 இலட்சத்துக்கு விற்கிறவரையே பொறுக்கச் சொல்லுங்கள். மாதம் 50,000 வீதம் 40 மாதம், நொத்தாரிசு முன்னால் எழுதிய ஒப்பந்தத்தோடு. இதில் காசை விடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. அவருக்கு வரவேண்டிய காசு உங்கள் கையில் இருக்கும் வரை அவர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பேக்கரி திறக்கமாட்டார், பழைய வாடிக்கையாளரையும் கலைக்கமாட்டார். அந்த 40 மாதத்துக்கும் சேர்த்து பிந்திய திகதியிட்ட செக்குகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். செக் திரும்பினால் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விஷயம் குற்ற வழக்காகவும் போகலாம்.

இனிக் கணக்கு. உங்கள் 10, வங்கியும் லீசிங்கும் 30, முதலாளி பொறுப்பது 20. அந்த 30க்கு 14 வீத வட்டியில் 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 69,800. முதலாளியின் 50,000ஐயும் சேர்த்தால் 1,20,000 பக்கம் வரும். உங்கள் வீட்டுச் செலவையும் கழித்த பிறகு கடை மாதம் 1,80,000 ஆவது மிச்சம் தருகிறதா? மழைக்காலத்தில் மட்டக்களப்பு எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான் ஒன்றரை மடங்கு கேட்கிறேன். வாடகை ஒப்பந்தமும் 5 வருடத்துக்குக் குறையாமல் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கட்டடக்காரர் எழும்பச் சொன்னால் போறணையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள்?

ஏறாவூர்: வாங்கப் பார்க்கும் கடையின் கணக்குப் புத்தகத்தில் இலாபம் குறைவாக இருக்கிறது. "உண்மையான கணக்கு வேற" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

வங்கி நம்பாது. வரிக்குக் காட்டாத இலாபத்தைக் கடனுக்கு மட்டும் காட்ட முடியாது. வங்கிக் கணக்குக் கூற்று, கரண்ட் பில், சாமான் வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கேளுங்கள். பிறகு ஒரு கிழமை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடமாட்டேன் என்றால் அதுதான் பதில்.

செங்கலடி: ஃபைனான்ஸ் கம்பனி ஏஜென்ட் வெறும் 14 வீதம்தான் என்கிறார். வங்கியும் அதே வீதம். எதை எடுக்க?

ஃபிளாட் ரேட்டா என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால் நீங்கள் கட்டிக் குறைத்த முதலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். அதே 30 இலட்சம், 5 வருடம் என்றால் தவணை 85,000. கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்குப் பார்த்தால் இது 23 வீதத்துக்கும் மேல். ஏஜென்ட் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்.

காத்தான்குடி: வட்டியில்லாமல் எடுக்க வழி உண்டா?

உண்டு. அமானா வங்கி 2011இலிருந்து முழுக்க அந்த முறையில்தான் நடக்கிறது. வேறு வங்கிகளிலும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. முராபஹாவில் வங்கி பொருளை வாங்கி, தன் இலாபத்தைச் சேர்த்து உங்களுக்குத் தவணைக்கு விற்கும். வான், மெஷினுக்கு இது சரிவரும், கடைப் பெயருக்குச் சரிவராது. அதற்குப் பழைய முதலாளியோடு பங்காளியாகச் சேர்ந்து, அவர் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

களுவாஞ்சிக்குடி: மனைவியின் சீதன வீட்டை ஈடு வைத்துப் பலசரக்குக் கடை வாங்கப் பார்க்கிறேன். மாமா விடமாட்டேன் என்கிறார்.

நான் மாமாவின் பக்கம். நமது பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு என்பதால் உறுதி அவர் பெயரில் இருக்கும், ஈட்டுக்கும் அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து வைத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் அழுத தங்கச்சிமார் எத்தனையோ பேர். கடை தன் வருமானத்திலேயே கடனை அடைக்கும் என்றால் முதலில் சிறிய தொகையை எடுத்து அதைக் காட்டுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதமும் வேண்டும், அந்தப் பேச்சை வேறாக வைத்துக்கொள்வோம்.

சம்மாந்துறை: அரிசி ஆலை ஒன்று விலைக்கு வருகிறது.

ஆலையின் விலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நெல்லின் விலையைப் பார்த்துப் பயப்படுங்கள். பெரும்போக அறுவடை வந்ததும் நெல் வாங்க ரொக்கம் வேண்டும். அந்தக் காசு கையில் இல்லாவிட்டால் ஆலை கூலிக்குக் குத்திக்கொண்டு நிற்கும். ஆலைக்கும் நெல்லுக்குமான இரண்டு கடனையும் ஒரே நேரத்தில் பேசுங்கள், தவணையை இரண்டு போகத்துக்கு ஏற்பக் கட்டத் தருவார்களா என்றும் கேளுங்கள். சுற்றாடல் அனுமதிப்பத்திரம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாழைச்சேனை: கடையில் 6 பேர் வேலை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லையாம்.

சம்பளத்தில் ஈபிஎஃப்புக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3 வீதம். எத்தனை வருடம் பாக்கி என்று கணக்குப் பார்த்து விலையில் கழியுங்கள். நாளைக்கு அவர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

கல்லடி, மறுபடியும்: 20 இலட்சத்துக்குப் பொறுக்க மாட்டாராம் ஐயா. மகனிடம் கனடா போகிறாராம், முழுக்காசும் கையில் வேண்டுமாம்.

அப்படியென்றால் பெயருக்கு முழு விலை கேட்க முடியாது தம்பி. ஆள் ஊரில் இல்லாவிட்டால் வாடிக்கையாளரை அறிமுகப்படுத்துவது யார்? 48 என்று சொல்லிப் பாருங்கள். துண்டு விழும் 8 இலட்சத்துக்கு உறவுக்காரர் ஒருவரை எழுத்தில் பங்காளியாக்குங்கள். 50 தாண்டினால், நானாக இருந்தால் எழும்பி வந்துவிடுவேன்.