புதிய காரை விற்றுவிட்டுப் பழைய, உறுதியான காருக்கு மாறலாமா?

மூன்று ஆண்டுகளே ஓடிய, கடன் பாக்கியுள்ள காரை விற்றுவிட்டு, நீடித்து உழைப்பதாகப் பெயர்பெற்ற பழைய கார் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்றுக் கிடைக்கும் தொகை கடனை முழுமையாக அடைக்காது என்றால், இல்லாத காருக்குத் தவணை கட்ட நேரிடும் என்பதால், பொறுத்திருப்பதே நல்லது. புதிய காரின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாகக் குறைகிறது; அந்த இழப்பின் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே ஏற்றுவிட்டீர்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடன் அடையும் என்றால், மாடலின் நற்பெயரைவிட, நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு காரின் பராமரிப்புப் பதிவுகளையே நம்புங்கள். குறைவாக ஓடியிருப்பது மட்டும் நல்ல அடையாளம் ஆகாது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் பாகங்கள் வயதால் இறுகி விரிசல் விடும். டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைக்கும் பட்டை) உள்ள எஞ்சினில் அது எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள், ஏனெனில் பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அடிச்சட்டத்தில் ஆழமான துரு இருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. கார் சறுக்குவதைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் 2014 நவம்பரில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய காரில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளோடு பயணம் செய்பவராக இருந்தால், அது இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன்.