மெட்டல் டிடெக்டர்: பீப் கேக்குது, பொருள் எங்க? கேள்வி பதில்

நான் இங்கிலாந்துல சஃபோக் பக்கம், உழுத வயல்ல விவசாயிகிட்ட பர்மிஷன் வாங்கிட்டு டிடெக்டரோட அலையற ஆளு. சிக்னல் வந்த பிறகு சரியான இடத்த எப்படி பிடிக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க, இன்னைக்கு அது மட்டும்தான். எந்த மாடல் வாங்கலாம்னு கேட்டா பதில் வராது.

கேள்வி: அண்ணா, புதுசா வாங்கியிருக்கேன். பீப் அடிக்கிற இடத்துல தோண்டினா ஒண்ணும் இல்ல, குழி மட்டும் பெருசாகிட்டே போகுது.

பதில்: உங்க காயில், அதான் கம்போட கீழ்முனையில மண்ணு மேல வீசற தட்டு, என்ன வகைன்னு மொதல்ல பாருங்க தம்பி. டிடி காயில்னா உள்ள ரெண்டு டி வடிவ சுருள் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், அந்த நடுக்கோடு முன் நுனியிலிருந்து பின்பக்கம் வரைக்கும் மொத்தமா பிடிக்கும், அதனால இடம் வலமா வீசும்போது பக்கவாட்டுல கரெக்டா சொல்லும் ஆனா முன்ன இருக்கா பின்ன இருக்கான்னு சொல்லாது. ஒரு பக்கமா வீசி சத்தம் உச்சத்துக்கு வர்ற இடத்த மனசுல கோடா வச்சுக்கோங்க, அப்புறம் நீங்க 90 டிகிரி சுத்தி நின்னு திரும்ப வீசுங்க, ரெண்டு கோடும் வெட்டற இடம்தான் உங்க இடம். வீச்ச சின்னதாக்கிட்டே வரணும். கான்சென்ட்ரிக் காயில்னா, அதாவது ஒரு வட்ட சுருளுக்குள்ள இன்னொரு வட்டம் இருக்கற வகைன்னா, பொருள் கிட்டத்தட்ட காயிலோட நடு மையத்துக்கு கீழ இருக்கும், வேலை ஈசி.

வீட்லயே பழகுங்க. மர டேபிள்ல ஒரு காசு வச்சு காயில்ல எந்த இடத்துல சத்தம் உச்சம்னு பாத்து டேப் ஒட்டிக்கலாம். மொட்டை மாடி தளத்துல செய்யாதீங்க, உள்ள கம்பி இருக்கு, முழுக்க அலறும்.

கேள்வி: அதான் மெஷின்லயே சரியான இடத்த காட்டற பின்பாயிண்ட் பட்டன் இருக்கே, அழுத்தினா போதாதா?

பதில்: போதும், அழுத்தற இடம் சரியா இருந்தா. சாதாரண மோட்ல காயில் நகர்ந்தாதான் சத்தம், பின்பாயிண்ட்ல சும்மா நிறுத்தி வச்சாலும் கத்தும். நிறைய பேரு டார்கெட்டுக்கு நேர் மேல வச்சு அழுத்திடறாங்க, மெஷின் அதையே ஜீரோன்னு எடுத்துக்கிட்டு அமைதியாகிடும். கொஞ்சம் தள்ளி சுத்தமான மண்ணு மேல, தேடும்போது இருந்த அதே உயரத்துல அழுத்திட்டு உள்ள வாங்க. சத்தம் ரொம்ப அகலமா இருந்தா பட்டன விட்டுட்டு ஓரத்துல, சத்தம் லேசா இருக்கும்போதே மறுபடி அழுத்துங்க, ஏரியா சுருங்கிடும். இன்னொண்ணு, இந்த மோட்ல பெரும்பாலும் இரும்பு வெள்ளின்னு பிரிச்சு சொல்லாது, பக்கத்துல ஆணி கிடந்தா அதுக்கும் கத்தும்.

கேள்வி: ஒரே இடத்துல ரெண்டு தடவ பீப் வருது ப்ரோ, ரெண்டு காசா?

பதில்: ஆசைதான்! நீளமான ஆணி, கம்பி ரெண்டு முனையிலயும் தனித்தனியா அடிக்கும். செங்குத்தா நிக்கிற காசும் அப்படி ஏமாத்தும். 90 டிகிரி சுத்தி பாருங்க, ஒரு பக்கத்துல நல்ல சத்தமும் இன்னொரு பக்கத்துல கரகரப்பும்னா பெரும்பாலும் இரும்புதான். காயில ஒரு முழம் தூக்கியும் அடிச்சுதுன்னா பழைய டப்பாவோ தகரமோ. ஸ்க்ரீன்ல காட்டற ஆழம் காசு சைஸ கணக்கு வச்சு போட்டது, பெரிய சாமானுக்கு அத நம்பாதீங்க.

கேள்வி: சரிவான நிலத்துல எப்பவும் தள்ளியே வருது?

பதில்: காயில் சாஞ்சிருக்கு. மண்ணுக்கு இணையா பிடிங்க. ஆழம் கூட கூட தப்பும் கூடும்.

கேள்வி: அண்ணை, நான் கிளிநொச்சி. இடம்பெயரேக்க அம்மம்மா காணிக்குள்ள நகை தாட்டவ. டிடெக்டர் கொண்டுபோய்த் தேடலாமோ?

பதில்: தம்பி, அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி கையளிச்ச இடமான்னு மொதல்ல எழுத்துல உறுதி பண்ணுங்க. அது இல்லாம காலே வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் வெடிகள்ல உலோகம் துளிதான் இருக்கும், நம்ம ஹாபி மெஷின் அத காட்டும்னு நினைக்கிறது தற்கொலை. சுத்தமான காணின்னு உறுதியானா கிணறு, பழைய வீட்டு அத்திவாரம், மரம்னு அவங்க சொன்ன அடையாளத்துலேர்ந்து கோடு கட்டி தேடுங்க. அப்பவும் தெரியாத சாமான் எது கண்ல பட்டாலும் தொடாம பொலிசுக்கு சொல்லுங்க.

கேள்வி: நம்மூர் பழைய கோயில் பக்கம் தேடலாமா சார்?

பதில்: வேண்டாம். இந்தியாவுல 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சாலே கலெக்டருக்கு எழுதி குடுக்கணும். பாதுகாக்கப்பட்ட சின்னம்னா தோண்டவே கூடாது.

கேள்வி: இடம் கரெக்டா பிடிச்சாச்சு, ஒரு குழியில காசு வந்துட்டே இருக்குன்னா?

பதில்: நிறுத்திடுங்க! எங்க சஃபோக்லயே ஹாக்ஸ்ன்ல 1992 நவம்பர்ல எரிக் லாஸ்னு ஒருத்தர் விவசாயி நண்பர் தொலைச்ச சுத்தியல தேடப் போனார், ரோமன் காசும் கரண்டியுமா வந்துச்சு, கொஞ்சம் எடுத்ததோட நிறுத்திட்டு தகவல் சொல்லிட்டார். தொல்லியல்காரங்க வந்து முறையா எடுத்ததால சுமார் 15,000 காசு மட்டுமில்ல, அதெல்லாம் பெட்டிக்குள்ள எப்படி அடுக்கி இருந்துச்சுங்கறதும் தெரிஞ்சது. சுத்தியலும் கிடைச்சு இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

கேள்வி: கை பின்பாயிண்டர் (கையில பிடிச்சு குழிக்குள்ள தேடற குட்டி டிடெக்டர்) குழிக்குள்ள விட்டதும் டிடெக்டர் கத்துது, ரிப்பேரா?

பதில்: இல்ல, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் பண்ணுது. டிடெக்டர ரெண்டு அடி தள்ளி வைங்க இல்ல ஆஃப் பண்ணுங்க. புல்தரைன்னா மூணு பக்கம் மட்டும் வெட்டி ஒரு பக்கம் ஒட்டியே இருக்கற மாதிரி திருப்பிப் போடுங்க, பின்பாயிண்டர குழியில விடறதுக்கு முன்னாடி அந்த மண்கட்டிலயும் ஓட்டிப் பாருங்க, பாதி நேரம் காசு அதுலதான் ஒட்டிட்டு இருக்கும்.