ஹன்னாவும் அன்னம்மாளும் ஒரே பெயரா?

கேள்வி: பிறந்திருக்கும் மகளுக்கு ஹன்னா என்று பெயரிட விரும்புகிறோம். கொள்ளுப்பாட்டி அன்னம்மாளின் பெயரை வைக்கவில்லையே என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். இரண்டும் வேறு பெயர்களா? பதிவில் எப்படி எழுதுவது?

பதில்: அன்னம்மாள் என்பது அவருக்கு ஞானஸ்நானத்தில் இடப்பட்ட பெயர் என்றால், பெரியவர்கள் விரும்பும் பெயரைத்தான் நீங்களும் தேர்ந்திருக்கிறீர்கள். எபிரேயத்தில் ஹேத், நூன், ஹே என்ற மூன்றே எழுத்துகளில் அமையும் ஹன்னா, அருள், தயவு என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. யோவான் என்ற ஆண்பெயரும் அவ்வேரின் கிளையே.

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் எல்க்கானா என்பவரின் மனைவியான ஹன்னா, பிள்ளையில்லாத துயரோடு சீலோ என்னும் வழிபாட்டிடத்தில் வேண்டிக்கொண்டபோது உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் கேட்கவில்லை. அங்கிருந்த ஆசாரியனான ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று கடிந்துகொண்டான். பின்னர் சாமுவேலைப் பெற்ற அவளுடைய அந்த வேண்டுதலிலிருந்தே, ஜெபிப்பவரின் உதடுகள் அசைய வேண்டும், குரல் உயரக்கூடாது என்ற நெறியை யூதர்களின் சமயச் சட்டநூலான தால்மூத் வகுத்தது. யூதப் புத்தாண்டின் முதல் நாளில் இவ்வரலாறு தொழுகைக்கூடங்களில் இன்றும் வாசிக்கப்படுகிறது.

மறைநூல் கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டபோது தொண்டையில் எழும் முதல் ஒலி உதிர்ந்து, பெயர் 'அன்னா' ஆயிற்று. இலத்தீனும் அதையே ஏற்றது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் பழைய ஏற்பாட்டில் எபிரேயத்தையும் புதிய ஏற்பாட்டில் கிரேக்கத்தையும் பின்பற்றியதால், சாமுவேலின் தாய் ஹன்னா என்றும், எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்ட முதிய தீர்க்கதரிசி அன்னா என்றும் பிரிந்துபோயினர். தமிழில் அந்தப் பிளவு நேரவில்லை: சீர்திருத்தச் சபையினரின் வேதாகமத்தில் இருவரும் அன்னாள், கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பில் இருவரும் அன்னா.

அன்னா என்பதோடு 'அம்மாள்' சேர்ந்ததே அன்னம்மாள். இயேசுவின் தாய் மரியாவுக்குத் தாயாகப் போற்றப்படும் புனித அன்னம்மாள் வேதாகமத்தில் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் யாக்கோபின் பெயரால் எழுந்த நூலே அவரை அறிமுகப்படுத்துகிறது. இலங்கையின் புத்தளம் மாவட்டத்துத் தலவிலத் திருத்தலம் அவருக்குரியது. இஸ்லாமிய மரபும் மர்யமின் (மரியாவின்) தாயை ஹன்னா என்றே வழங்குகிறது. அன்னப்பறவையோடு இப்பெயருக்கு உறவில்லை. ஒலி ஒப்புமை தற்செயலானது.

பதிவில் தமிழில் 'ஹன்னா' என்றே எழுதலாம். ஆங்கிலத்தில் இறுதி 'எச்' உண்டா இல்லையா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, ஆதார், பள்ளி, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் அதையே பின்பற்றுங்கள். இந்தியாவில், பிறப்பைப் பதிவுசெய்த 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம்.