வாசகர் கேள்வி பதில்: பால் வெட்டுக்குப் போகிறவருக்கு அதிகாலை ஜெபம் எப்போது?

கேள்வி: ரப்பர் பால் வெட்டுதான் எனக்குத் தொழில். விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டும். அதிகாலை ஜெபம் இல்லாதவன் விசுவாசியே இல்லை என்கிறார்கள் கூட்டங்களில். ராத்திரி பைபிளைத் திறந்தால் தூக்கம் அமுக்குகிறது. என்ன வழி?
- வாசகர், குலசேகரம்

பதில்: வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், வெட்டு நேரத்தை மாற்ற முடியாது. ஜெப நேரத்தை மாற்றலாம். தானியேல் மூன்று வேளை ஜெபித்தார், சங்கீதம் 55 அந்தி, சந்தி, மத்தியானம் என்கிறது. விடியற்காலைக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது.

வெட்டு முடிந்து, மரத்தில் கட்டிய சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) பால் வடிந்து, எடுக்கப் போகும்வரை இரண்டு மூன்று மணி நேரம் இருக்குமே, அதில் 20 நிமிடம் போதும். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். வயிறு நிறைந்தால் கண் சொருகும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 10 வசனம், கூடுதல் வேண்டாம். முதல் தடவை வாய்விட்டு மெதுவாக. இரண்டாம் தடவை எந்தச் சொல் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ, அங்கேயே நின்றுவிடுங்கள். மிச்சம் நாளைக்கு இருக்கட்டும். ஐந்து நிமிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், பிறகு அதை வைத்தே ஜெபியுங்கள். கடைசி இரண்டு நிமிடம் எதுவும் கேட்காமல் சும்மா இருங்கள். 12ஆம் நூற்றாண்டில் கிகோ என்ற துறவி எழுதிவைத்த நான்கு படிகள்தான் இவை.

மறுநாள் மரத்துக்கு மரம் நடக்கும்போது அந்தச் சொல்லை நினைக்கலாம். கத்தி பட்டையில் இருக்கும்போது தியானம் வேண்டாம்; ஆழம் போனால் மரத்துக்குக் காயம்.

கெடுவது மூன்று இடத்தில். போனில் வாசித்தால் வாட்ஸ்அப் இழுக்கும். அச்சுப் புத்தகமே நல்லது. விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாக வாசித்தால், நாலே நாளில் அது கடன் பாக்கிபோல் கனத்து மொத்தமும் நின்றுபோகும். போனது போகட்டும், இன்றையதை மட்டும் வாசியுங்கள். மூன்றாவது மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டம் இது. வெட்டில்லாத நாளில் ஜெபமும் சேர்ந்தே நிற்கும். அன்றைக்குக் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் தொடங்குவது என்று இப்போதே தீர்மானித்துவிடுங்கள்.

கேள்வி: வயது 62, சுகர் மாத்திரை எடுக்கிறேன். தவக்கால வெள்ளிகளில் ஒருசந்தி (ஒரே வேளை சாப்பிடும் நோன்பு) இருக்கலாமா?
- வாசகி, குளச்சல்

பதில்: பட்டினி வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை 18 வயது முதல் 59 வரை. அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள்தான். நோயாளிகளுக்கு அதுவும் இல்லை. சில வகை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

அளவைக் குறைக்காமல் ருசியைக் குறையுங்கள்: கஞ்சியும் பயறும் போதும். இறைச்சியை விட்டுவிட்டு நெய்மீன் குழம்பு வைப்பது சட்டப்படி சரி, ஆனால் அதில் ஒறுத்தல் எங்கே? மீன் வாங்காமல் மிஞ்சிய காசு அன்றைக்கே அடுத்த வீட்டுத் தேவைக்குப் போய்விட வேண்டும். ஏசாயா 58 கேட்கிற நோன்பு அதுதான்.

கேள்வி: குடும்ப ஜெபம் ஒரு மணி நேரம் போகிறது. பிள்ளைகள் ஓடி ஒளிகிறார்கள்.
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: 15 நிமிடத்தில் முடியுங்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கடைசியில் கர்த்தருடைய ஜெபம். 119ஆம் சங்கீதத்தில் மட்டும் 176 வசனம். அதை எட்டு எட்டாகப் பிரித்து 22 நாள் வாசியுங்கள். "ஆண்டவரே, இந்தப் பையன் போனைக் கீழே வைக்கணும்" என்று ஜெபத்தில் சாடை பேசாதீர்கள். பிள்ளைகள் ஓடுவது அதிகமும் அதனால்தான்.