ஆச்சியிடம் கேளுங்க: ஒரு வயசாச்சு, இன்னும் நடக்கலையே!

கேள்வி: ஆச்சி, எம் மவனுக்கு ஆவணியோட ஒரு வயசு முடிஞ்சுட்டு. சுவத்தைப் பிடிச்சு நிக்கான், கையை விட்டா உக்காந்துருதான். மதினி பிள்ளை பத்து மாசத்துலயே நடந்துச்சாம். வாக்கர் வாங்கச் சொல்லுதாவ. சோறும் திங்க மாட்டேங்கான், பால்தான் கேக்கான்.
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வாக்கர் வாங்காத தாயி. பிடிச்சு நிக்கான்னா அடுத்தது நடைதான். 18 மாசம் ஆகியும் தனியா நடக்கலைன்னா டாக்டர்ட்ட காட்டு. மதினி பிள்ளைக் கணக்கெல்லாம் நமக்கு எதுக்கு? வாக்கர்ல உக்காந்த பிள்ளை நுனிக்கால்ல உந்தும், நடை பழகாது. படி இருக்க வீட்டுல கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள உருண்டுரும். கனடாவுல 2004-லயே அதை விக்கத் தடை போட்டுட்டாங்க. உங்க பக்கத்து அம்பாசமுத்திரத்து மர நடைவண்டி வேற சங்கதி. அதைப் பிள்ளைதான் நின்னு தள்ளணும். நல்லா நிக்கப் பழகினதும் சமதரையில விடு, கூடவே நீயும் நில்லு.

பசும்பால் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினா சோத்துக்கு வயித்துல இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். தாய்ப்பாலை நிறுத்தாத, ரெண்டு வயசு வரைக்கும் கொடு. தேங்காய்ப்பால் சொதி வைக்கையில மிளகாய் சேருமுன்ன வெந்த பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட்டைத் தனியா எடுத்து, சோத்தோட மசிச்சு, ஒரு சொட்டு நெய் விட்டுத் தட்டுல வையி. அவனே அள்ளித் திங்கட்டும். பாதி தரைக்குத்தான் போவும், போவட்டும். முழுக் கடலை, முந்திரி மட்டும் கையில கொடுக்காத, தொண்டையில அடைச்சுக்கும். விருந்தாளுவ அல்வா ஊட்ட வந்தா நீயே வாங்கித் தின்னுரு.

16 மாசம் முடிஞ்சதும் தட்டம்மை-ரூபெல்லா ரெண்டாவது ஊசி இருக்கு. அட்டையை எடுத்துப் பாத்துக்கோ.