சீனாவில் செடிகளைச் சேகரித்த அகஸ்டின் ஹென்றி பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹென்றி தாவரவியல் படித்தவரா, சார்?

இல்லை, மருத்துவம் படித்தவர். 1857இல் பிறந்து அயர்லாந்தின் டைரோன் பகுதியில் வளர்ந்தார். 1881இல் சீனச் சுங்கத்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் தலைவர் ராபர்ட் ஹார்ட்டும் அயர்லாந்துக்காரரே. மறு ஆண்டே யாங்சி நதிக்கரையிலுள்ள யிசாங்கில் பணி.

கேள்வி: பிறகு செடிகளின் பக்கம் எப்படிப் போனார்?

மருந்துச் சரக்குகள்தான் காரணம். அந்த ஊர் வழியாகப் போகும் வேர், பட்டையெல்லாம் எந்தச் செடியுடையவை என்று அறிய நினைத்தார். 1885இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு எழுதி, மாதிரிகளை அனுப்பினால் இனம் கண்டு சொல்வீர்களா என்று கேட்டார். அனுப்பியவற்றில் புதிய இனங்கள் ஏராளமாக இருந்தன. உள்ளூர் ஆட்களையும் சேகரிக்கப் பழக்கினார். அவர்கள் உழைப்பில்லாமல் அந்தத் தொகுப்பு இல்லை. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கேள்வி: கைக்குட்டை மரத்தைக் கண்டுபிடித்தவர் இவர்தானே?

அல்ல. வெள்ளைக் கைக்குட்டைகள் தொங்குவதுபோலப் பூக்கும் அந்த மரத்தை 1869இல் சீனாவில் பிரெஞ்சுப் பாதிரியார் டேவிட் கண்டார். அதனால்தான் டேவிடியா என்று பெயர். ஹென்றி 1888இல் வேறோர் இடத்தில் ஒற்றை மரத்தைப் பூத்த நிலையில் பார்த்தார். விதைக்காக ஒரு நாற்றுப்பண்ணை இளைஞர் வில்சனை அனுப்பியது. 1899இல் அவர் தென்மேற்குச் சீனாவில் யுன்னானின் சிமாவ் வரை போய் ஹென்றியைச் சந்தித்தார். தான் பார்த்த மரம் நின்ற இடத்துக்கு ஹென்றி ஒரு தாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். மாதக்கணக்கில் பயணம் செய்து 1900இல் அந்த இடத்தை அடைந்தால், அடிக்கட்டைதான் மிச்சம்! வீடு கட்ட வெட்டிவிட்டார்கள். வில்சன் தேடலை விடாமல் அடுத்த மாதமே வேறிடத்தில் அந்த மரங்களைக் கண்டார். தான் தேடித் தெரிந்துகொண்டதை முன்பின் அறியாத இளைஞரிடம் ஒளிக்காமல் கொடுத்தாரே, ஹென்றியிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அதுதான்.

கேள்வி: அவர் பெயரில் செடி உண்டா, ஐயா?

பல உண்டு. ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் ‘லிலியம் ஹென்றியை’ என்ற லில்லிச் செடி புகழ்பெற்றது.

கேள்வி: ஊர் திரும்பி மருத்துவம் பார்த்தாரா?

இல்லை. சீனாவில் காடுகள் அழிவதை நேரில் கண்டவர். பிரான்சின் நான்சி நகரில் வனவியல் படித்தார். மர ஆர்வலர் எல்வெஸுடன் சேர்ந்து பிரிட்டன், அயர்லாந்து மரங்களைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார் (1906–1913). பூவும் காயும் இல்லாத காலத்திலும் இலை, சுள்ளி, மொட்டு ஆகியவற்றை வைத்தே மரத்தை அடையாளம் காணும் முறையை அதில் வகுத்தவர் அவர். 1913இல் டப்ளினில் வனவியல் பேராசிரியரானார், 1930இல் மறைந்தார். அவர் சேர்த்த உலர்ந்த மர மாதிரிகளை மனைவி ஆலிஸ் பட்டியலிட்டார். அவை டப்ளினின் கிளாஸ்னெவின் தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன.