அவிழ்த்து விட்டால் துரத்துகிற நாய்: கேள்வி பதில்

சங்கிலியைக் கழற்றியதும் அணில், உடும்பு, பறவை என்று எதையாவது துரத்திக்கொண்டு ஓடுகிற நாய்களைப் பற்றி யாழ்ப்பாணத்தின் பல பக்கங்களில் இருந்தும் கேட்டிருக்கிறீர்கள். நாய்களைப் பழக்குவதுதான் என் வேலை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோப்பாயில் இருந்து: அக்கா, எங்கள் நாய்க்கு இரண்டு வயது. ஊர்நாயும் லப்ரடோரும் கலந்தது. வீட்டில் சொன்னதெல்லாம் கேட்கும். தோட்டத்துப் பக்கம் அவிழ்த்து விட்டால், அணிலைக் கண்டதும் காது கேட்காத மாதிரி ஓடிவிடும். பிஸ்கட்டைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. ஏன்?

தம்பி, அந்த ஓட்டமே அதற்குப் பரிசு. வேட்டை என்பது பல படிகள் கொண்டது: மோப்பம் பிடிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. ஒவ்வொரு படியும் நாய்க்கு இன்பம் தருகிறது. அணில் தென்னையில் ஏறித் தப்பிவிட்டாலும், ஓடிய சந்தோஷம் நாய்க்குக் கிடைத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு முறை துரத்தும்போதும் அந்தப் பழக்கம் இன்னும் ஊறிப்போகிறது. ஓட்டம் தொடங்கிய பிறகு பிஸ்கட்டால் அதை வெல்ல முடியாது.

வெல்லக்கூடிய நேரம் அதற்கு முன்னால் இருக்கிறது. நாயை வடிவாகப் பாருங்கள். காது முன்னுக்கு வரும், வாய் மூடும், வால் விறைக்கும், உடம்பு அப்படியே உறையும். அந்த ஓரிரண்டு விநாடிதான் உங்களுடையது. பழக்குவதெல்லாம் அந்த விநாடிகளுக்காகத்தான்.

முதல் வேலை, இனித் துரத்தச் சந்தர்ப்பமே கொடுக்காமல் இருப்பது. பத்து மீற்றர் நைலோன் கயிறு வாங்குங்கள். அதைக் கழுத்துப்பட்டியில் கொழுவ வேண்டாம். வேகமாக ஓடி இழுபட்டால் கழுத்தில் காயம் வரும். மார்பைச் சுற்றிப் போடுகிற பட்டியில் கொழுவுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம், விரல் போய்விடும்.

சுன்னாகத்தில் இருந்து: கயிறு போட்டாயிற்று. பிறகு என்ன செய்வது? அணிலைக் கண்டால் இழுத்துப் பிடிப்பதா?

இழுத்தால் நாய் இன்னும் முன்னுக்குத்தான் பாயும். தூரத்தை வைத்து வேலை செய்யுங்கள். பனங்கூடல் ஓரம் நில்லுங்கள், அணில்கள் முப்பது நாற்பது மீற்றருக்கு அப்பால் இருக்கட்டும். நாய் அணிலைப் பார்க்கும், ஆனால் நிற்கும். அந்த நேரம் மெதுவாக "சரி" என்று சொல்லி, வாயருகே ஒரு துண்டு அவித்த கோழி ஈரலைக் கொடுங்கள். மறுபடி பார்க்கும், மறுபடி "சரி", மறுபடி ஈரல். பார்க்க வேண்டாம் என்று தடுக்காதீர்கள். அமைதியாகப் பார்ப்பதற்கே சம்பளம் கொடுக்கிறோம். இப்படித் தொடர்ந்து செய்தால், அணிலைக் கண்டதும் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். அதைத்தான் நாம் எதிர்பார்த்திருந்தோம்! அப்போது பெரிய பரிசாகக் கொடுங்கள்: நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடுங்கள், நாய் உங்களைத் துரத்தட்டும், இறைச்சித் துண்டுகளைப் புல்லில் எறிந்து தேட விடுங்கள்.

ஈரலைக் கொடுத்தும் வாயில் எடுக்காவிட்டால், கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பின்னுக்கு வாருங்கள்.

விசிலையும் இதோடு பழக்குங்கள், ஆனால் வீட்டுக்குள்ளே தொடங்குங்கள். விசில் ஊதிய உடனே இறைச்சி, ஒவ்வொரு நாளும் சில தடவை. பிறகு வளவில், பிறகு ஒழுங்கையில், கடைசியாகக் கயிறோடு வெளியில். நாய் வராது என்று தெரிந்த நேரத்தில் விசிலை ஊதாதீர்கள். பயனில்லாமல் ஊத ஊத அதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். இன்னொன்று, வீட்டுக்குப் போகும் நேரம் மட்டும் கூப்பிட்டால், கூப்பிடுவது என்றாலே விளையாட்டு முடிந்தது என்று நாய் படித்துக்கொள்ளும். கூப்பிடுங்கள், கொடுங்கள், "போ" என்று திரும்ப விடுங்கள்.

நல்லூரில் இருந்து: துரத்திவிட்டு நெடுநேரம் கழித்து வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. வந்ததும் இரண்டு அடி போடுகிறேன். அது தவறா?

தவறுதான் ஐயா. துரத்தியதற்கு அடி விழுந்தது என்று நாய்க்கு விளங்காது. உங்களிடம் வந்ததற்கு அடி விழுந்தது என்றுதான் படிக்கும். அடுத்த முறை இன்னும் தாமதமாக வரும், அல்லது எட்டி நின்று சுற்றும். எவ்வளவு கோபம் வந்தாலும், வந்த நாயைத் தடவிக் கொடுங்கள், சங்கிலியைப் போடுங்கள். அடுத்த முறை அந்த நீளக் கயிற்றைப் போட்டே விடுங்கள்.

அரியாலையில் இருந்து: மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டி வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேலை செய்யுமா?

வாங்க வேண்டாம் தங்கச்சி. வலி வரும் நேரத்தில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதோடு வலியைச் சேர்த்துக்கொள்ளும். அந்த நேரம் பக்கத்தில் சைக்கிளில் ஒரு பிள்ளை போனால்? அணிலுக்குப் பதில் பிள்ளைகளைக் கண்டு சீறுகிற நாய் கிடைக்கும். வேல்ஸ் நாட்டில் 2010 இலேயே இந்தப் பட்டியைத் தடை செய்துவிட்டார்கள்.

மண்டைதீவில் இருந்து: அக்கா, கடல் வற்றிய இடத்தில் பூநாரைகள், உள்ளான்கள் நிற்கின்றன. எங்கள் நாய் பிடிப்பதே இல்லை, பறக்க வைத்துவிட்டுத் திரும்பி வரும். அதில் என்ன பாதிப்பு?

பாதிப்பு இருக்கிறது, அதுவும் நிறைய. இந்தக் களப்புகளுக்கு ஐப்பசியில் இருந்து பங்குனி வரை வருகிற பறவைகளில் பல, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வருகின்றன. இங்கே தின்று கொழுப்பைச் சேர்த்தால்தான் திரும்பிப் போக முடியும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்புக் கரைகிறது, மேய்கிற நேரமும் போகிறது. நாய்க்கு விளையாட்டு, பறவைக்கு உயிர். ஆட்காட்டி போன்ற பறவைகள் வெறுந்தரையிலேயே முட்டை இடுகின்றன. நாய் பிடிக்காவிட்டாலும் மிதித்துவிடும், அல்லது தாய்ப் பறவை எழுந்து போக வெயிலில் முட்டை வேகும். பறவை நிற்கிற இடத்தில் கயிறு போட்டே நடவுங்கள். சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்குள் நாயைக் கொண்டு போகவே கூடாது.

சாவகச்சேரியில் இருந்து: எங்கள் நாய் உடும்பையும் கீரியையும் விடுவதில்லை. பாம்பைக் கண்டாலும் கிட்டப் போகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான் அம்மா. உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதன் வாலடியும் நகமும் நாயின் கண்ணைக் கெடுக்கும். கீரி கடித்தால் விசர்நோய் வரலாம், ஆகவே விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாமல் போட்டிருக்க வேண்டும். ஏற்கனவே போட்டிருந்தாலும், கீரியோடு சண்டை பிடித்தால் காயத்தைச் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவி, மறுபடி ஊசி தேவையா என்று மிருக வைத்தியரிடம் உடனே கேளுங்கள். கழுவும்போது உங்கள் கையிலும் காயம் இருந்தால் கையுறை போடுங்கள்.

நாகமோ புடையனோ கடித்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள். இருட்டும் நேரம், கற்குவியல், வைக்கோல் போர், வேலி ஓரம் எல்லாம் கயிறு இல்லாமல் விடுகிற இடங்கள் இல்லை.

பருத்தித்துறையில் இருந்து: வீட்டில் எதைச் செய்தால் துரத்துகிற ஆசை அடங்கும்?

அடங்காது, வழி மாற்றலாம். நீளத் தடியின் நுனியில் கயிறு கட்டி, அதில் பழைய துணியைக் கட்டுங்கள். "இரு" என்றால் இருக்க வேண்டும், "போ" என்றால் துரத்தலாம், "விடு" என்றால் விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும், வெயில் ஏறுமுன். இது உடம்புக்கும் நல்லது, பாய்ச்சலின் நடுவே சொல் கேட்கவும் பழக்கும். மோப்ப விளையாட்டும் வையுங்கள்: சோற்றைத் தட்டில் போடாமல் வளவில் அங்கங்கே ஒளித்துத் தேட விடுங்கள்.

வல்லிபுரத்தில் இருந்து: மணற்காட்டுப் பக்கம் முயல் இருக்கிறது. எப்போது கயிற்றைக் கழற்றலாம்?

அவசரப்பட வேண்டாம். முதலில் கயிற்றை விட்டுவிட்டு மண்ணில் இழுபட விடுங்கள், தேவைப்பட்டால் காலால் மிதித்துக்கொள்ளலாம். வேலி அடைத்த இடத்தில் தொடங்குங்கள். முயலோ பறவையோ கண்ட நேரமும் திரும்பத் திரும்ப உங்களிடம் வருகிறது என்றால், கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒன்றரை வயதுக்குள் இருக்கிற இளம் நாய்கள் நேற்றுச் செய்ததை இன்று மறந்த மாதிரி நடக்கும்; அப்போது ஒரு படி பின்னுக்குப் போங்கள். சில நாய்களை, முக்கியமாக ஏற்கனவே பிடித்துக் கொன்று பழகியவற்றை, முயல் ஓடுகிற இடத்தில் ஒரு நாளும் அவிழ்க்க முடியாது. பதினைந்து மீற்றர் கயிற்றில் அந்த நாயும் சந்தோஷமாகவே ஓடும்.

காரைநகரில் இருந்து: கருத்தடை செய்தால் துரத்துவது நிற்குமா?

நிற்காது. இணை தேடி அலைவது குறையும், வேண்டாத குட்டிகள் பிறக்காது, அதற்காகச் செய்யுங்கள். வேட்டை வேறு, அதற்குக் கயிறும் ஈரலும் பொறுமையும்தான்.